வெள்ளம் வடிந்த பிறகு: ஓர் ஊர் எப்படி மீண்டு எழுகிறது?

மாணவர்களே, ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து இரு கைவிரல்களால் இழுத்துப் பாருங்கள். அது நீளும். விட்டுவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இந்தப் பண்பை அறிவியல் பாடத்தில் மீள்தன்மை என்று படித்திருப்பீர்கள்.

வெள்ளமோ நிலச்சரிவோ சூறாவளியோ வந்து போன பிறகு, அடிபட்ட மக்கள் மறுபடியும் எழுந்து தங்கள் வாழ்க்கையைத் தொடர்கிறார்கள் அல்லவா? அந்த ஆற்றலுக்கும் இதே பண்பை ஒட்டித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் சமூக மீள்திறன் என்கிறோம்.

இதில் ஆய்வாளர்களை நெடுநாள் யோசிக்க வைத்த ஒரு புதிர் உண்டு. ஒரே அலையோ ஒரே வெள்ளமோ அருகருகே உள்ள இரண்டு ஊர்களைத் தாக்குகிறது. சேதமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால், ஓர் ஊர் சீக்கிரம் நிமிர்ந்துவிடுகிறது. அடுத்த ஊர் ஆண்டுக்கணக்கில் தத்தளிக்கிறது. ஏன்? கிடைத்த பணம் ஒரு காரணம். வீடுகளின் உறுதி இன்னொரு காரணம். இவற்றோடு, எளிதில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது காரணமும் உண்டு. பேரிடர் வருவதற்கு முன்பே அந்த மக்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகி வந்தார்கள் என்பதே அது. இந்த வாரம் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

இடர் வேறு, பேரிடர் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கனமழை ஓர் இடர். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் அந்த மழை கொட்டினால் அதைப் பேரிடர் என்று யாரும் சொல்வதில்லை. அதே மழை, ஆற்றோரத்தில் தாழ்வாகக் கட்டப்பட்ட வீடுகளின் மேல் கொட்டி, அங்கே நடக்க முடியாத முதியவர் ஒருவர் தனியாக இருந்தால் அது பேரிடராகிறது.

எனவே, பேரிடரின் அளவை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன. இடர் எவ்வளவு பெரியது என்பது ஒன்று. அதன் பாதையில் யார், எது இருக்கிறது என்பது இரண்டு. அங்கே இருப்பவர்கள் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்பது மூன்று. மழையின் அளவை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்ற முடியும்.

பீடோரில் வாழும் மாணவர்களுக்கு இது ஏட்டுப் பாடம் மட்டுமல்ல. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. மலையில் பெய்யும் மழை ஆறுகள் வழியாக மேற்கே தாழ்நிலத்துக்கு இறங்குகிறது. கிழக்குக் கரையில் ஆண்டிறுதிப் பருவமழையால் வெள்ளம் வரும். நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையில் இடியுடன் கூடிய கனமழை பெய்வது வழக்கம். இரண்டு மணி நேர மழையே திடீர் வெள்ளத்துக்குப் போதுமானதாக இருக்கலாம்.

கம்பார் அருகே, 1996

பீடோரிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் வடக்கே போனால் முதலில் தாப்பா வரும், அடுத்து கம்பார் வரும். கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் என்னும் பூர்வக்குடி கிராமம் இருந்தது. அங்கே செமாய் மக்கள் வாழ்ந்தார்கள்.

1996 ஆகஸ்ட் 29 அன்று கனமழை பெய்தது. மேட்டுப்பகுதியில் மண் சரிந்தது. சேறும் பாறைகளும் மரத்தடிகளும் ஒன்றாகச் சேர்ந்து டிப்பாங் ஆற்றின் வழியே பாய்ந்து வந்து கிராமத்தை அடித்துச் சென்றன. 44 பேர் உயிரிழந்தார்கள்.

இதைச் சாதாரண வெள்ளம் என்று சொல்ல முடியாது. புவியியலாளர்கள் இதைச் சேற்றுப் பெருக்கு என்கிறார்கள். மழைநீர் மண்ணின் இடைவெளிகளை நிரப்பியதும், மண் துகள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் வலிமை குறைகிறது. சரிவில் நிற்கும் மண் வழுக்கி இறங்குகிறது. வழியில் கல்லையும் மரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. தனித்த நீரைவிடச் சேறு அடர்த்தி மிகுந்தது. அதனால்தான் நீரில் அசையாத பெரும்பாறையைக்கூட அது சுமந்து வருகிறது.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிறிய கிராமத்தில் எல்லாரும் உற்றார் உறவினர். ஒருவர் வீட்டில் துன்பம் என்றால் அடுத்த வீடு உடனே கை கொடுக்கும். ஆனால், சில நிமிடங்களில் கிராமம் முழுவதுமே அடிபட்டால் யார் யாருக்குக் கை கொடுப்பது? அடுத்த வீட்டாரும் வீட்டை இழந்து நிற்கிறார். அப்போது உதவி கிராமத்துக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே, உள்ளே நெருக்கமாக இருப்பது மட்டும் போதாது. வெளியே நீளும் உறவும் வேண்டும். இதை விளக்க மறுபடியும் ரப்பரிடம் போவோம்.

ரப்பருக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால், மரத்திலிருந்து வடிந்த பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுத்த கதையைச் சொல்வார்கள். அந்த ரப்பர் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. ஐசோப்ரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு ஒரு சங்கிலி ஆகின்றன. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் இந்தச் சங்கிலிகளுக்கு இடையே வலுவான இணைப்பு கிடையாது. பலமாக, நேரம் எடுத்து இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும். பழைய வடிவம் முழுதாகத் திரும்பாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும்.

1839-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலியையும் அடுத்த சங்கிலியையும் ஆங்காங்கே குறுக்கே பிணைக்கின்றன. இழுக்கும்போது சங்கிலிகள் நீளும். ஆனால், குறுக்குப் பிணைப்புகள் அவற்றை வழுக்கிப் போகவிடாமல் பிடித்து, விட்டதும் பழைய இடத்துக்கு இழுத்து வருகின்றன. இதற்கு வல்கனாக்கம் என்று பெயர்.

இப்போது ஒவ்வொரு சங்கிலியும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாமானில் இருநூறு குடும்பங்கள் அடுத்தடுத்து வாழலாம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியே இருக்கலாம். ஆனால், அவர்களுக்கிடையே குறுக்குப் பிணைப்பு இல்லாவிட்டால், அழுத்தம் வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வழுக்கிப் போகும்.

மூன்று வகை உறவுகள்

சமூக அறிவியலாளர்கள் இந்தப் பிணைப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நினைவில் நிற்க அவற்றுக்குப் பிணைப்பு, பாலம், ஏணி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பிணைப்பு என்பது நம்மைப் போன்றவர்களோடு உள்ள உறவு. உறவினர், பக்கத்து வீட்டார், ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள் இதில் அடங்குவர். பேரிடரின் முதல் சில மணி நேரத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் இதுதான். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானில் கோபே நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளில் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தூக்கி வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும்தான். நிலநடுக்க மையத்துக்கு அருகே அவாஜி தீவில் ஹொகுதான் என்ற சிற்றூர் இருந்தது. அங்கே ஊர் மக்களும் உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்பாளர்களும் சேர்ந்து சுமார் 300 பேரை அன்றே மீட்டார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த அறையில் உறங்குவார்கள் என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் எங்கே தோண்ட வேண்டும் என்று தேடி நேரம் வீணாகவில்லை.

பாலம் என்பது நம்மிலிருந்து வேறுபட்டவர்களோடு உள்ள உறவு. வேற்று இனத்தார், வேற்று மதத்தார், வேற்று ஊரார் எல்லாம் இதில் வருவர். 2021 டிசம்பர் 18 அன்று சிலாங்கூர், ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறிக் காத்திருந்தார்கள். படகு வைத்திருந்த தொண்டூழியர்கள் எங்கிருந்தெல்லாமோ தாங்களாகவே வந்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள சீக்கியக் குருத்துவாராவில் பல இனத்தவரும் கூடிச் சமைத்து உணவுப் பொட்டலங்களை அனுப்பினார்கள். மூழ்கிய தாமானில் அடுப்பெரிக்க இடமில்லை. மூழ்காத இன்னோர் இடத்தில் அடுப்பு எரிந்தது. பாலத்தின் பயன் இதுதான். ஒரே அடியில் எல்லாரும் விழாமல் இருக்க, நம் உறவுகள் பல இடங்களில் பரவியிருக்க வேண்டும்.

ஏணி என்பது அதிகாரமும் வளமும் உள்ள அமைப்புகளோடு உள்ள உறவு. மாவட்ட அலுவலகம், நகராண்மைக் கழகம், சமூக நல இலாகா, பொதுத் தற்காப்புப் படை ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. நம் நாட்டில் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆவது ஆணை 1997-இல் வந்தது. அதன்படி மத்திய, மாநில, மாவட்ட அளவில் பேரிடர் நிர்வாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 2015-இல் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் தொடங்கப்பட்டது. மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. பீடோர் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருப்பதால், பீடோர் மக்களின் ஏணி தாப்பாவில் நிற்கிறது என்று சொல்லலாம். அந்த ஏணியில் ஏறத் தெரிந்தவர், அதாவது எந்த முகப்பில் யாரிடம் என்ன பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர், உங்கள் தெருவில் ஒருவராவது இருக்கிறாரா?

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு

மூன்று உறவுகளும் ஒரே ஊரில் சேர்ந்து வேலை செய்ததைப் பார்க்க, 2004 டிசம்பர் 26-க்குப் போவோம். அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் இந்தியப் பெருங்கடல் முழுவதும் சுனாமியை எழுப்பியது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள்.

இந்தியாவின் புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் அமைத்திருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் போன்ற செய்திகளை அங்கிருந்து ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவிப்பது வழக்கம். அந்த ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்து வந்தார். நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல் நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் சொன்னதும், எல்லாரும் உடனே வெளியேறுங்கள் என்றார். செய்தி தெருவில் பரவியது. சிலர் ஓடிப் போய்ப் பூட்டியிருந்த மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். சுமார் 500 குடும்பங்கள் இருந்த ஊர் உயிர் தப்பியது. படகுகளும் வீடுகளும் சேதமடைந்தன.

இதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் பிணைப்பு, கடல் கடந்த ஒரு பாலம், ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இருந்த ஏணி ஆகிய மூன்றும் சில நிமிடங்களில் ஒன்று சேர்ந்தன. இன்னொன்றும் உண்டு. அந்த ஒலிபெருக்கி பேரிடருக்காகவே வாங்கி உறை போட்டு வைத்தது அல்ல. தினசரி வேலைக்குப் பயன்பட்டது. அது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்று ஊருக்குத் தெரியும். அவசர நேரத்தில் கை தானாகப் போவது பழகிய கருவியிடம்தான்.

இறுக்கம் கூடினால் உடையும்

இதுவரை படித்ததை வைத்து, பிணைப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பரில் கந்தகத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்தால் எபோனைட் கிடைக்கும். பழைய மைப்பேனாக்களின் உடல் அதில் செய்தது. கல் போலக் கெட்டியாக இருக்கும். ஆனால் நீளாது. பலமாக வளைத்தால் உடையும். குறுக்குப் பிணைப்பு அளவு மீறியதே அதற்குக் காரணம்.

சமூகத்திலும் இப்படி நடக்கும். அதே 2004 சுனாமியில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்குள்ள மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. இறந்தவர் யார், இடிந்த வீடு எது, போன படகு எத்தனை என்று பஞ்சாயத்தார் விரைவாகக் கணக்கெடுத்தார்கள். அதிகாரிகளிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஊரின் சார்பாகப் பேசினார்கள். வந்த பொருளை ஊருக்குள் பங்கிட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமங்களை ஆராய்ந்து, உள்ளே பிணைப்பும் வெளியே ஏணியும் இருந்த ஊர்களுக்கு உதவி கூடுதலாகவும் விரைவாகவும் சென்றதைக் காட்டினார். 2012-இல் வெளிவந்த அவரது நூலில் கோபேயும் தமிழ்நாடும் அருகருகே வைத்துப் பேசப்படுகின்றன.

அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. பல ஊர்களில் பஞ்சாயத்துக்கு வரி கட்டும் குடும்பங்களின் பட்டியலை வைத்துத்தான் உதவி பங்கிடப்பட்டது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் குடும்பத் தலைவர்களான ஆண்கள். கணவனை இழந்த பெண்களும் தனித்து வாழ்ந்த முதியவர்களும் விடுபட்டார்கள். கரையோரத்தில் கூலி வேலை செய்த தலித் மக்களுக்கும் உதவி சரியாகப் போய்ச் சேரவில்லை. படகு இல்லாதவருக்குப் படகு இழப்பும் இல்லை என்று கணக்கு முடிந்துவிட்டது. ஆனால், படகு நின்றதால் அவரது கூலியும் நின்றுபோனது. அதை எந்தப் பட்டியலும் எழுதவில்லை.

ஆகவே, ஒரு சமூகத்தின் மீள்திறனை அளக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இவர்கள் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள்? அந்த ஒற்றுமைக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் அளந்திருக்கிறோம்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். பேராக் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் பிணைப்புக்குக் குறைவில்லை. ஒரே பெரட்டில் நின்று, ஒரே நிரையில் வேலை செய்து, ஒரே கோவிலில் திருவிழா எடுத்து, ஒரே தோட்டப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஆனால், ஏணி நிர்வாகத்தின் கையில் இருந்தது. வெளியுலகோடு பாலமும் குறைவு.

அந்தப் பிணைப்பிலிருந்தே ஏணி செய்த முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. 1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழக்கும் நிலை வந்தது. அது இயற்கைப் பேரிடர் அல்ல. ஆனாலும், குடும்பங்களை வேரோடு பெயர்த்தது. அப்போது அமைச்சராக இருந்தவர் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன். அவர் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளி பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறிவிட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். வசதி கூடியது. ஆனால், லயத்தில் தானாக அமைந்த பிணைப்பு தாமானில் தானாக அமைவதில்லை. இடது பக்கத்து வீட்டில் சீனக் குடும்பம், வலது பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், எதிரே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்று தெரு கலந்திருக்கும். உண்மையில் இது ஒரு நல்ல வாய்ப்பு. லயத்தில் கிடைக்காத பாலம் இங்கே வாசலிலேயே இருக்கிறது. அதைப் போட யாராவது முதல் அடி எடுத்து வைக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய நான்கு வேலைகள்

ஒன்று, தெரு வரைபடம். அறிவியல் கழகத்திலோ கோவில் இளைஞர் குழுவிலோ நான்கைந்து பேர் சேருங்கள். ஒரு தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். மேடு, தாழ்வு, கால்வாய், தண்ணீர் முதலில் தேங்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு, வெளியேற உதவி தேவைப்படக்கூடிய வீடுகளைக் குறியுங்கள். தனியாக வாழும் முதியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர், கைக்குழந்தை உள்ள தாய் ஆகியோரின் வீடுகள் இதில் வரும். முன்கூட்டியே அவர்களின் அனுமதியைக் கேளுங்கள். இந்தத் தாளைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். தெருவில் நம்பகமான இரண்டு பெரியவர்களிடம் மட்டும் கொடுத்து வையுங்கள்.

இரண்டு, இணை வீடு. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு உதவி தேவைப்படும் வீட்டுக்கும் இரண்டு வீட்டாரைப் பொறுப்பாக வையுங்கள். ஏன் இரண்டு? ஒரு வீட்டார் ஊரில் இல்லாமல் போகலாம். முடிந்தால் அந்த இரண்டில் ஒன்று வேற்று இனத்துக் குடும்பமாக இருக்கட்டும். தாமானில் ருக்குன் தெத்தாங்கா இருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். 1975 முதல் நாட்டில் இயங்கிவரும் அமைப்பு அது.

மூன்று, செய்தி. வடிகால், நீர்ப்பாசன இலாகா ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது. சாதாரண நிலைக்கு மேல் விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று மூன்று படிகள் உண்டு. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் படியில் யார் செய்தி போடுவது என்று முன்னரே முடிவு செய்யுங்கள். செய்தி எந்த மொழியில் போகிறது என்றும் பாருங்கள். மலாய் மட்டும் இருந்தால் தமிழ் மட்டும் படிக்கும் பாட்டிக்குத் தெரியாது. தமிழ் மட்டும் இருந்தால் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவுக்குத் தெரியாது. கைப்பேசியே இல்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவது யார்? அதையும் எழுதி வையுங்கள்.

நான்கு, பேரிடருக்குப் பின் காது கொடுப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று சொற்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. யார் கலங்கிப் போயிருக்கிறார் என்று பாருங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அவருக்குத் தேவையான உணவு, மருந்து, உறவினர், அதிகாரி ஆகியோரோடு இணைத்து விடுங்கள். துயர்துடைப்பு மையத்தில் உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் பாடப்புத்தகங்களை இழந்து அமர்ந்திருந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காருவதும் மீட்புப் பணிதான்.

இவை எல்லாவற்றுக்கும் மழை வராத நாள்தான் பொருத்தமானது. கோத்தோங் ரோயோங் நடத்திக் கால்வாயைச் சுத்தம் செய்யும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வேலை நடக்கிறது. கால்வாயில் தண்ணீர் தடையின்றி ஓடும். இதுவரை பேசாத இரண்டு வீட்டார் ஒரே மண்வெட்டியைப் பகிர்ந்துகொள்வார்கள்.

பழைய நிலைக்குத் திரும்பினால் போதுமா?

ரப்பர் உவமை இங்கே நின்றுவிடுகிறது. ரப்பர் வளையம் பழைய வடிவத்துக்குத் திரும்பினால் அது நல்ல ரப்பர். ஊருக்கு அந்த அளவுகோல் போதாது. ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருந்த வீட்டை அதே இடத்தில் அதே போல் கட்டினால், அடுத்த வெள்ளத்துக்கும் அதே வீடு காத்திருக்கும். முன்பு பட்டியலில் பெயர் இல்லாதவர் மறுபடியும் பெயர் இல்லாமலே இருந்தால், ஊர் மீண்டது என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? சமூக மீள்திறன் உள்ள ஊர் பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிற்பதில்லை. போன முறை எது உடைந்தது, யார் விடுபட்டார் என்று கேட்டு, தன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. ரப்பரால் கற்றுக்கொள்ள முடியாது. ஊரால் முடியும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒரே அளவு கனமழை ஓர் இடத்தில் இடராகவும் மற்றோர் இடத்தில் பேரிடராகவும் இருப்பது எப்படி? உங்கள் வட்டாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. வல்கனாக்கம் செய்த ரப்பர், எபோனைட் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு, குறுக்குப் பிணைப்புகளின் அளவு பண்பை எப்படி மாற்றுகிறது என விளக்குக.

3. நல்லவாடு கிராமத்தில் ஒலிபெருக்கி இருந்து, சிங்கப்பூரில் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிங்கப்பூரில் ஒருவர் இருந்து, ஒலிபெருக்கி இல்லாமல் இருந்திருந்தால்?

4. உங்கள் குடும்பத்துக்கு உள்ள பிணைப்பு, பாலம், ஏணி உறவுகளை மூன்று வரிசையாக எழுதுங்கள். எந்த வரிசை மிகக் குட்டையாக இருக்கிறது? அதில் இந்த மாதம் ஒரு பெயரைச் சேர்க்க என்ன செய்யலாம்?